ஹீட்டட் கிரிப் சூடாகவில்லையா? கழற்றி எறியும் முன் பார்க்க வேண்டியவை

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலையில் விடியற்காலையில் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்குக் கை விறைப்பதைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கீழே டவுனில் நாசி லெமாக் கட்டி வாங்கும்போது வியர்க்கும். லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டும்போது சட்டைக்குள் சில்லென்று இறங்கும். ரிங்லெட் போய்ச் சேர்வதற்குள் விரல் பிரேக்கைப் பிடிக்கவே யோசிக்கும். மலைமேல் இருக்கும் தானா ராத்தா டவுன் சுமார் 1,440 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் கீழே 24 டிகிரி இருக்கும் விடியலில் மேலே 15தான். கையுறை நனைந்திருந்தால் அந்த 15ஐக் கை தாங்காது.

இந்த ஹீட்டட் கிரிப், அதாவது கரண்டில் சூடாகும் கைப்பிடி, பனிநாட்டில் வளர்ந்த பொருள். கனடா, பின்லாந்து பக்கம் பனிமேல் ஓட்டும் ஸ்னோமொபைலில் இது இல்லாமல் வண்டியே வருவதில்லை என்று சொல்லலாம். அதில் வேகம் கூட்டும் திராட்டிலைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அதனால் அந்தக் கட்டைவிரல் நெம்புகோலுக்கே தனியாக ஒரு ஹீட்டர் வைத்திருப்பார்கள். நம் ஆட்கள் டிசம்பரில் கூட்டமாகத் தாய்லாந்து போய் மே ஹோங் சோன் வளைவுகளைச் சுற்றி, 2,565 மீட்டர் உயர தோய் இந்தனோன் உச்சிக்கு ஏறத் தொடங்கிய பிறகு இங்கேயும் இதை மாட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

நான் மோட்டார் வயரிங் வேலை பார்க்கிறவன். "கிரிப் போச்சுண்ணே, புதுசு மாட்டிக் கொடுங்க" என்று வருகிறவற்றில் பெரும்பாலானவற்றில் கிரிப் போயிருக்காது. அதற்குக் கரண்ட் முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்காது. நல்ல கிரிப்பைக் குப்பையில் போட்டுவிட்டு அதே கெட்ட வயரில் புதுசை மாட்டினால் அதுவும் சூடாகாது. காசு போனதுதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் திராட்டில்

சூடு வருகிறதோ இல்லையோ, முதலில் என்ஜினை அணைத்துவிட்டு வலது கிரிப்பை முழுதாகத் திருகி விடுங்கள். சட்டென்று தானாகத் திரும்ப வேண்டும். ஹேண்டிலை இடது கோடிக்குத் திருப்பி ஒருமுறை, வலது கோடிக்குத் திருப்பி ஒருமுறை இதையே செய்யுங்கள். கிரிப்பிலிருந்து வெளியே வரும் வயர் பிரேக் நெம்புகோலின் அடியிலோ சுவிட்ச் பெட்டியின் விளிம்பிலோ மாட்டிக்கொண்டால் திராட்டில் திறந்தபடியே நின்றுவிடும். மலைச் சாலை வளைவில் அப்படி நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கிரிப் ரப்பர் குழாயின்மேல் வழுக்கிச் சுழல்கிறதா என்றும் பாருங்கள். சாதாரணப் பசை சூட்டில் இளகிவிடும். சூட்டைத் தாங்கும் எபாக்சி போட்டுத்தான் ஒட்ட வேண்டும். இந்த இரண்டில் எது சரியில்லை என்றாலும் வண்டியை எடுக்காதீர்கள். கை குளிரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கையில் ஒரு மீட்டர் வேண்டும்

முப்பது வெள்ளிக்குள் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். வோல்ட்டும் ஓமும் காட்டினால் சரி. நல்ல பேட்டரி, வண்டி அணைந்து சில மணி நேரம் ஆனபின் 12.6லிருந்து 12.8 வோல்ட் வரை காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் இருக்க வேண்டும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லா இடத்திலும் தேவைப்படும்.

அறிகுறி: எதுவுமே இல்லை, சுவிட்ச் விளக்கும் எரியவில்லை

முதலில் பியூஸ். கண்ணால் பார்த்து நல்லதென்று நினைக்காதீர்கள். கழற்றி ஓமில் வைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. பியூஸ் நல்லதாக இருந்து, அதை வைக்கும் கூட்டின் பித்தளைக் காது பச்சை பூத்திருப்பதும் நம் மழைக்கு வழக்கம்.

பியூஸ் சரி என்றால் ரிலே, அதாவது சாவியைத் திருப்பினால் கிரிப்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி. சாவியைத் திருப்பும்போது காதை அருகில் வைத்துக் கேளுங்கள். டிக் என்று சத்தம் வருகிறதா? வந்தால், ரிலேயின் 30ஆம் காலிலும் 87ஆம் காலிலும் வோல்ட் பாருங்கள். 30இல் 12 இருந்து 87இல் ஒன்றும் இல்லையென்றால் ரிலேயின் உள்முனை தீய்ந்துவிட்டது. பத்துப் பதினைந்து வெள்ளியில் முடிகிற வேலை. டிக் சத்தமே இல்லையென்றால் 85, 86 கால்களைப் பாருங்கள். ஒன்றில் சாவி லைன் வர வேண்டும், மற்றது எர்த். பெரும்பாலும் சாவி லைனை எடுத்த இடத்தில்தான் கோளாறு இருக்கும். வயரை அறுக்காமலேயே கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று விற்கிறார்கள். மாட்டுவது சுலபம், நான்கு மழை பார்த்தால் உள்ளே கறுத்துவிடும். அதை வெட்டி எறிந்துவிட்டு ஈயம் வைத்துப் பற்றி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். கறுப்பு டேப் மட்டும் சுற்றினால் நம் வெயிலில் பசை இளகி ஒழுகிவிடும்.

ரிலேயே போடாமல் பின்விளக்கு வயரிலிருந்து நேராகக் கிரிப்புக்குக் கொடுத்திருந்தால், அதைப் பிரித்துப் புதிதாகப் போடுவதுதான் ஒரே வழி. ஐந்து வாட்டுக்காகப் போட்ட வயரில் நாற்பது வாட்டை இழுத்தால் சாவி சுவிட்ச்தான் முதலில் போகும்.

அறிகுறி: சூடு வருகிறது, போதவில்லை

இதுதான் அதிகமாக வரும் புகார். இங்கேதான் நல்ல கிரிப்புகள் வீணாகின்றன.

கிரிப்புக்குள் இருப்பது ஒரு தடைக்கம்பி அல்லது தடைப்படலம். அதில் உண்டாகும் சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே சூடு நிறையக் குறையும். 14 வோல்ட்டில் ஒரு ஜோடி 40 வாட் தந்தால், 11 வோல்ட்டில் 25 வாட்தான் தரும். மூன்று வோல்ட் வழியில் தொலைந்தது, சூட்டில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு போய்விட்டது. அந்த மூன்று வோல்ட் எங்கே போயிற்று என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

என்ஜினை ஓடவிட்டு, கிரிப்பை ஆக உயர்ந்த நிலையில் வையுங்கள். குறைந்த நிலையில் பார்த்தால் பயனில்லை, ஏனென்றால் சூட்டைக் கூட்டிக் குறைக்க இப்போது வரும் கன்ட்ரோலர்கள் கரண்டை விட்டு விட்டு அனுப்புகின்றன, மீட்டர் குழம்பிப்போகும். முதலில் பேட்டரியின் இரு முனைகளில் பாருங்கள், 14 என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் கன்ட்ரோலருக்குள் நுழையும் சிவப்பு, கறுப்பு வயர்களின் இணைப்பில் மீட்டர் ஊசியைப் பின்பக்கமாகச் செருகிப் பாருங்கள். அங்கே 13.6 இருந்தால் நல்லது. 11.5 என்றால் இடையில் திருட்டு நடக்கிறது. இப்போது மீட்டரின் கறுப்பு ஊசியைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வைத்து, சிவப்பு ஊசியைக் கன்ட்ரோலரின் கறுப்பு வயரில் வையுங்கள். அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு என்று காட்டினால் எர்த் சரியில்லை. அதே மாதிரி பேட்டரியின் பாசிட்டிவுக்கும் கன்ட்ரோலரின் சிவப்புக்கும் இடையே பார்த்தால் அந்தப் பக்கத்து நஷ்டம் தெரிந்துவிடும்.

எர்த்தைப் பெரும்பாலும் பெயின்ட் அடித்த சட்டத்தில் ஒரு போல்ட்டின் கீழ் இறுக்கியிருப்பார்கள். பெயின்ட் மேல் கரண்ட் போகாது. சுரண்டிவிட்டு இறுக்கினால் அன்றைக்குச் சரியாகும், மழைக்காலத்தில் துரு பிடித்து மறுபடி வரும். எர்த் வயரை நேராகப் பேட்டரியின் நெகட்டிவுக்கே கொண்டுபோய்விடுங்கள். கூட ஒன்றரை மீட்டர் வயர் செலவாகும், அவ்வளவுதான். வயர் குறைந்தது 1 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும்.

அறிகுறி: கீழே நன்றாக இருந்தது, பிரிஞ்சாங் ஜாமில் அணைந்துவிட்டது

பள்ளி விடுமுறையில் கேமரன் மலையின் பிரிஞ்சாங் பக்கம் போனவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். ஊர்ந்து போகும்போது கன்ட்ரோலர் விளக்கு கண் சிமிட்டும், அப்புறம் மொத்தமும் அணைந்துவிடும். கோளாறு என்று நினைக்காதீர்கள். பல கன்ட்ரோலர்கள் பேட்டரி 11.5 வோல்ட் அளவுக்கு இறங்கினால் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆக வேண்டுமே என்பதற்காக வைத்த ஏற்பாடு அது.

கேட்க வேண்டிய கேள்வி, பேட்டரி ஏன் இறங்கியது என்பது. என்ஜினுக்குள் கரண்ட் உண்டாக்கும் கம்பிச்சுருளைத்தான் காயில் என்கிறோம். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அது தரும் கரண்ட் குறைவு. ஸ்னோமொபைலிலும் இதே கதைதான். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பல வண்டிகளில் பேட்டரியே இருக்காது. காயிலில் பிறக்கும் கரண்ட் நேராகக் கிரிப்புக்குப் போகும், ஐட்லிங்கில் நின்றால் கிரிப் ஆறிவிடும், ஓடத் தொடங்கினால் மறுபடி சுடும். அங்கே யாரும் அதைப் பழுது என்று சொல்வதில்லை.

நம் கப்சாய்களுக்கு, அதாவது சின்ன மோட்டார்களுக்கு, வருவோம். பல கப்சாய்களில் பேட்டரி 12 வோல்ட், 3.5 ஆம்பியர் மணிதான். ஒரு ஜோடி கிரிப் உச்சத்தில் மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும். காயில் கைகொடுக்காவிட்டால் கணக்குப்படியே ஒரு மணி நேரம்தான் தாங்கும், நடைமுறையில் அதற்கும் முன்னே வண்டி செத்துவிடும். உங்கள் வண்டி தாங்குமா என்று பார்க்க இப்படிச் செய்யுங்கள்: முன்விளக்கு எரிய, கிரிப் உச்சத்தில் இருக்க, என்ஜினை நடு வேகத்தில் சில நிமிடம் பிடியுங்கள். பேட்டரி முனையில் 13.2க்கு மேல் நின்றால் கவலையில்லை. 12.8க்குக் கீழே மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் அந்த வண்டிக்கு இந்தக் கிரிப் அதிகம். குறைந்த வாட் கிரிப் போடுங்கள், அல்லது ஏறும்போது மட்டும் உச்சத்தில் வைத்து, ஜாமில் அணைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், பழைய கப்சாய் வைத்திருப்பவர்கள் இந்தக் காசுக்கு நல்ல கையுறையும் கைக்காப்பும் வாங்குவது மேல்.

இன்னொன்று. சில பழைய கப்சாய்களில் முன்விளக்கு காயிலிலிருந்து நேராக ஏசி கரண்டில் எரியும். ஐட்லிங்கில் விளக்கு மங்குவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அந்த லைனிலிருந்து கிரிப்புக்குக் கொடுக்காதீர்கள். கன்ட்ரோலருக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் டிசிக்குச் செய்தது, ஏசி போனால் எரிந்துவிடும்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது

இடது பக்கம் கொஞ்சம் குறைவாகச் சுட்டால் அது இயல்பு. வலது கிரிப் பிளாஸ்டிக் திராட்டில் குழாயின்மேல் உட்கார்ந்திருக்கிறது, பிளாஸ்டிக் சூட்டை விடாது. இடது கிரிப் நேராக இரும்புக் குழாயின்மேல் இருக்கிறது, ஹேண்டில் முழுவதும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். இடம் இருந்தால், ஒட்டுவதற்கு முன் இடது குழாய்க்கு மெல்லிய சுருங்கு குழாய் ஒரு சுற்றுப் போட்டால் வித்தியாசம் தெரியும்.

ஒரு பக்கம் சுத்தமாக இல்லையென்றால் பெரும்பாலும் அது வலது பக்கமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறை திருகும்போதும் அந்த வயர் மடங்கி நிமிர்கிறது. கிரிப் ரப்பரிலிருந்து வயர் வெளியே வரும் அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் உள்ளே செம்பு அறுந்திருக்கும், மேல் உறை முழுதாக இருக்கும். விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். நல்ல இடத்தில் வயர் வில்லாக வளையும், அறுந்த இடத்தில் நூலாக மடியும்.

உறுதிப்படுத்த, இணைப்பைக் கழற்றி ஒவ்வொரு கிரிப்பையும் தனியாக ஓமில் பாருங்கள். கரண்ட் வரும்போது ஓம் பார்க்கக் கூடாது. பல ஜோடிகளில் ஒரு கிரிப் ஐந்திலிருந்து பத்து ஓம் அளவில் இருக்கும். எண்ணைவிட இரண்டும் ஏறக்குறைய ஒத்திருக்கிறதா என்பதே முக்கியம். மீட்டர் ஊசிகளை வைத்தபடியே திராட்டிலைத் திருகுங்கள். எண் குதித்தால் வயர், எப்போதும் ஓப்பன், அதாவது தொடர்பே இல்லை, என்றே காட்டினால் வயரோ உள்ளே எலிமென்டோ. அறுந்த இடம் ரப்பருக்கு வெளியே இருந்தால் பற்றவைத்துக் காப்பாற்றலாம். உள்ளே என்றால் அந்தக் கிரிப்புக்கு உண்மையாகவே ஆயுள் முடிந்தது. புதுசு மாட்டும்போது வயருக்கு ஒரு தாராளமான வளையம் விட்டு, கீழ்ப்பக்கமாக வெளியே வரும்படி திருப்பி ஒட்டுங்கள்.

ஒன்றின் வழியாகவே மற்றதுக்குக் கரண்ட் போகும்படி இரண்டு கிரிப்பையும் வரிசையாகக் கோத்த பழைய வகை என்றால் ஒன்று அறுந்தாலும் இரண்டுமே சுடாது. உயர் நிலையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கரண்ட் போகும்படி பக்கவாட்டாகவும், தாழ் நிலையில் வரிசையாகவும் மாறும் சுவிட்ச் உள்ள வகையும் உண்டு. அதில் உயர்வில் ஒரு பக்கம் மட்டும் சுடும், தாழ்வில் இரண்டும் செத்திருக்கும். அப்படி நடந்தால் சுவிட்சைக் குறை சொல்லாமல் சுடாத கிரிப்பைப் பாருங்கள்.

அறிகுறி: மழையில் மட்டும் தகராறு

தாப்பா பக்கத்துச் சாயங்கால மழை சாதாரண இணைப்பை விட்டுவைக்காது. முன்விளக்குக் கூட்டுக்குள் இருக்கும் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பச்சையைச் சுரண்டி, மின்கடத்தாக் கிரீஸ் கொஞ்சம் வைத்து மூடுங்கள். வயர் கன்ட்ரோலருக்குள் மேலிருந்து கீழாக நுழைந்தால் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். கீழே ஒரு வளைவு விட்டு மேலேறி நுழையும்படி மாற்றுங்கள், சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

அறிகுறி: பியூஸ் அடிக்கடி போகிறது

ஐம்பது வாட் ஜோடிக்கும் நான்கு ஆம்பியர் சொச்சம்தான். ஐந்து அல்லது ஏழரை ஆம்பியர் பியூஸ் போதும். போகிறதே என்று பதினைந்து போடாதீர்கள், அப்புறம் பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். ஹேண்டில் கழுத்தில் வயர் உரசும் இடத்தைப் பாருங்கள். ஹேண்டிலைக் கோடிக்குக் கோடி திருப்பும்போது போகிறதென்றால் அங்கேதான்.

அறிகுறி: காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது

சாவியை எடுத்த பிறகும் கன்ட்ரோலர் விளக்கு எரிகிறதா? பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்திருக்கிறார்கள். ரிலே போடுங்கள்.

அறிகுறி: கிரிப் கொதிக்கிறது, விரல் விறைக்கிறது

மின்சாரத்தில் குறையே இல்லை, காற்றில்தான் குறை. கிரிப் உள்ளங்கையைச் சூடாக்கும். குளிர் தாக்குவது விரலின் முதுகை. பனிநாட்டில் ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர்கள் இவ்வளவு ஹீட்டர் இருந்தும் கைப்பிடியோடு கையையும் சேர்த்து மூடும் பெரிய உறையை மாட்டுவது இதனால்தான். நமக்கு அவ்வளவு வேண்டாம், பிளாஸ்டிக் கைக்காப்பு ஒன்று முன்னால் இருந்தாலே சூடு இரண்டு படி ஏறின மாதிரி இருக்கும்.

கையுறையின் உள்ளங்கை மெல்லியதாக இருக்க வேண்டும். குளிருக்கென்று தடித்த பஞ்சு வைத்ததை வாங்கினால் குளிர் மட்டுமல்ல, கிரிப்பின் சூடும் உள்ளே வராது. அப்புறம் ஈரம். நனைந்த துணிக் கையுறை காயும்போது விரலின் சூட்டைத்தான் எடுத்துக்கொண்டு காயும். உள்ளே ஒரு ஜோடி நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கையுறைத் தொழிற்சாலைகள் நிறைந்த நாட்டில் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். தோலில் தண்ணீர் படாது, அது ஒன்றே போதும்.

நெஞ்சும் முக்கியம். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் விரலுக்குப் போகும் ரத்தத்தை உடம்பு தானே குறைத்துவிடும். நம் ஊரில் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டு ஓட்டுகிறார்களே, அதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். நெஞ்சுக்குக் காற்று நுழைய ஜிப் இடைவெளியே இல்லை, காரியம் சரியான காரியம். மணிக்கட்டில் காற்று புகாமல் கையுறையை ஜாக்கெட் கையின்மேல் ஏற்றிவிட்டால் இன்னும் நல்லது. கிரிப்பை இறுக்கிப் பிடிப்பதையும் விடுங்கள். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும்.

அறிகுறி: விரல் நுனி வெள்ளையாகிறது, மரத்துப் போகிறது

குளிரில் ஒன்றிரண்டு விரல் மட்டும் சுண்ணாம்பு நிறத்துக்கு வெளுத்து, கோடு போட்ட மாதிரி நின்று, சூடு கிடைத்ததும் சிவந்து எரிகிறதென்றால் வண்டியில் தேடாதீர்கள். தோட்டத்தில் வருடக்கணக்காகப் புல் வெட்டும் மெஷினோ சங்கிலி ரம்பமோ பிடித்தவர்களுக்கு அந்த அதிர்வால் விரல் நரம்பும் ரத்தக் குழாயும் பாதிக்கப்படுவது தெரிந்த விஷயம். கீழே வெயிலில் வேலை செய்யும்போது வெளுப்பு கண்ணில் படாமலே போகலாம். மலைக்குளிரில் வெளியே வரும்.

சர்க்கரை நோய் இருந்து விரலில் உணர்ச்சி குறைந்தவர்கள் கிரிப்பை உச்சத்தில் வைக்கவே கூடாது. சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். நடு நிலையில் வைத்து, நிற்கும் இடத்தில் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் கண்ணால் பாருங்கள்.

வெளுப்பும் மரத்துப்போவதும் திரும்பத் திரும்ப வந்தால் சுகாதார கிளினிக்கில் காட்டுங்கள். விரல் வெளுத்திருக்கும்போதே கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கிளினிக் போய்ச் சேர்வதற்குள் நிறம் திரும்பிவிடும். என்ன மெஷின், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வருடம் பிடித்தீர்கள் என்பதை டாக்டர் கேட்கக் காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். வேலையால் வந்தது என்று எழுதிக் கொடுத்தால் தொழில் நோய்க்காகத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் விண்ணப்பிக்கலாம்.